மதிப்பெண் தரவு மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஒரு வாரம் இருக்கும்போதுதான் கோப்பு என்னிடம் வரும். "டி சோதனை தப்பா வருது, கொஞ்சம் பாருங்க" என்பார்கள். இரண்டு சராசரிகளுக்கு நடுவே உள்ள வித்தியாசம் தற்செயலா இல்லையா என்று பார்ப்பது டி சோதனை. பெரும்பாலும் சோதனையில் ஒரு தப்பும் இருக்காது, அட்டவணையில்தான் இருக்கும். மீதிச் சில முறை, ஆய்வைத் திட்டமிட்ட நாளிலேயே தப்பு நடந்திருக்கும். முதல் வகையை நீங்களே அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம். இரண்டாம் வகையை எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது. உங்களுடையது எந்த வகை என்று கண்டுபிடிப்பதற்கே இந்தக் குறிப்பு.

எதையும் தொடுவதற்கு முன் மூலக் கோப்பை நகலெடுத்து வேறு இடத்தில் வையுங்கள். அப்புறம் ஒரு தாளில் மூன்று எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை மாணவர்கள், மிகக் குறைந்த மதிப்பெண் எது, மிக அதிக மதிப்பெண் எது. ஒவ்வொரு படி முடிந்ததும் இந்த மூன்றையும் திரும்பப் பாருங்கள். எது எப்போது மாறியது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

## சராசரி வரவில்லை, வந்தாலும் நம்பும்படி இல்லை

முதலில் கண்ணால் பாருங்கள். எக்செல் எண்ணை வலப்பக்கமும் எழுத்தை இடப்பக்கமும் ஒட்டி வைக்கும். 67 இடப்பக்கம் ஒட்டி நின்றால் அது எண் வேடம் போட்ட எழுத்து. சராசரிச் சூத்திரம் அதைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும், பிழைச் செய்தி எதுவும் வராது. 40 பேரில் 6 பேர் இப்படி இருந்தால் 34 பேரின் சராசரிதான் கிடைக்கும். கவுண்ட் சூத்திரம் எண்களை மட்டும் எண்ணும். கவுண்ட்ஏ காலியில்லாத எல்லாவற்றையும் எண்ணும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் எத்தனையோ அத்தனை திருடர்கள் உள்ளே இருக்கிறார்கள்.

திருடன் பெரும்பாலும் எண்ணுக்குப் பின்னால் நிற்கும் ஒரு வெற்றிடம். ட்ரிம் சூத்திரம் போட்டால் போய்விடும், ஆனால் கிடைப்பது இன்னும் எழுத்துதான், வேல்யூ சூத்திரத்தால் அதை எண்ணாக்குங்கள். போகவில்லையென்றால் அது இணையப் பக்கத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த வேறு வகை வெற்றிடம். ட்ரிம் அதைத் தொடாது. அந்த ஒற்றை எழுத்தை நகலெடுத்து, தேடி மாற்றும் பெட்டியில் ஒட்டி, அதற்குப் பதிலாக ஒன்றுமில்லாததைப் போடுங்கள்.

ஒரே ஒரு "ஆப்சென்ட்". மதிப்பெண் நெடுவரிசையில் ஒரு இடத்தில் சொல் இருந்தாலும் புள்ளியியல் நிரல் மொழியான ஆர் அந்த நெடுவரிசை முழுவதையும் எழுத்தாகவே படிக்கும். சராசரி கேட்டால் விடுபட்ட மதிப்பு என்று கைவிரிக்கும். பரவாயில்லை, அது நேர்மையான தோல்வி. 2020இல் வந்த 4.0.0 பதிப்புக்கு முந்தைய ஆர், இப்படிப்பட்ட நெடுவரிசையை வகை மாறியாக, அதாவது ஒவ்வொரு மதிப்பும் ஒரு வகையின் பெயராக, மாற்றிவிடும். அதை அப்படியே எண்ணாக மாற்றினால் மதிப்பெண் வராது, வகையின் வரிசை எண் வரும். பழைய நிரல்களை இன்றும் பலர் கைமாற்றிக்கொண்டிருப்பதால் இந்த வியாதி இன்னும் ஓயவில்லை. 35இலிருந்து 98 வரை இருந்த மதிப்பெண்கள் திடீரென்று 1இலிருந்து 40க்குள் அடங்கிவிட்டால் சந்தேகமே வேண்டாம். முதலில் எழுத்தாக மாற்றி, அதன்பின் எண்ணாக மாற்றுங்கள்.

99, 999. வராதவர்களுக்கு 99 என்று குறியீடு போட்டுவிட்டு, அதை விடுபட்ட மதிப்பு என்று புள்ளியியல் மென்பொருளான எஸ்பிஎஸ்எஸ்ஸிடம் சொல்ல மறந்திருப்பார்கள். 50க்கு நடந்த தேர்வில் அதிகபட்சம் 99 என்று வந்தால் உடனே தெரிந்துவிடும். 100க்கு நடந்த தேர்வில் தெரியாது. அங்கே 99 வாங்கிய மாணவர் உண்மையாகவே இருக்கலாம். எந்தத் தேர்விலும் வர வாய்ப்பில்லாத எண்ணை, உதாரணமாக மைனஸ் 9ஐ, குறியீடாக வைப்பது என் வழக்கம்.

வராதவருக்குப் பூஜ்ஜியம். 60, 70, 80 வாங்கிய மூவரின் சராசரி 70. வராத நான்காமவருக்கு 0 போட்டால் 52.5. பூஜ்ஜியம் வாங்கியவரும் தேர்வுக்கே வராதவரும் ஒன்றல்ல. அட்டவணையில் பூஜ்ஜியங்களை மட்டும் வடிகட்டி, ஒவ்வொருவருக்கும் விடைத்தாள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்குக் குறுக்குவழி கிடையாது.

தேதியாகிப் போன மதிப்பெண். "3-4" என்று தட்டினால் எக்செல் அதைத் தேதியாக எடுத்துக்கொள்ளும். அந்தச் செல்லை எண்ணாக மாற்றினால் 45,000, 46,000 என்று ஏதாவது வந்து நிற்கும். இதே தொல்லையால் 2020இல் மனித மரபணுக்கள் சிலவற்றின் பெயரையே மாற்ற வேண்டி வந்தது. நம் மதிப்பெண் எம்மாத்திரம். ஏற்கனவே தேதியானதைத் திருப்ப முயலாதீர்கள், மூலத் தாளைப் பார்த்து மறுபடி தட்டுங்கள். அடுத்த முறை, தட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இந்த அறிகுறி எதற்கும் புள்ளியியலாளர் தேவையில்லை. தரவைத் தட்டியவரைக் கூப்பிட்டால் போதும்.

## இரண்டு கோப்புகளை இணைத்தேன், ஆட்கள் எண்ணிக்கை மாறிவிட்டது

கூடிவிட்டால்: யாருடைய எண்ணோ இரண்டு முறை இருக்கிறது. இணையப் படிவத்தில் "அனுப்பு" பொத்தானை இருமுறை அழுத்தியவர்கள் எப்போதும் உண்டு. முன்தேர்வுக் கோப்பில் ஒருவர் இரண்டு முறையும் பின்தேர்வில் இரண்டு முறையும் இருந்தால், இணைத்தபின் நான்கு வரிசைகளாக வந்து நிற்பார். இணைப்பதற்கு முன்பே ஒவ்வொரு கோப்பிலும், ஒரு எண் எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் கவுண்ட்இஃப் சூத்திரத்தைப் போட்டு, ஒன்றுக்கு மேல் வருகிறவர்களைப் பிடியுங்கள். எதை வைத்துக்கொள்வது, முதலாவதா கடைசியா என்பதை ஒரு விதியாக முடிவுசெய்து எழுதி வையுங்கள். ஆளுக்கு ஒரு நியாயம் என்று போனால், அதிக மதிப்பெண் உள்ளதை உங்கள் கை தானாகவே தேர்ந்தெடுக்கும்.

குறைந்துவிட்டால்: முதலில் முன்னால் உள்ள பூஜ்ஜியத்தைத் தேடுங்கள். ஒரு கோப்பில் 0417, இன்னொன்றில் 417. அடுத்து எண்ணின் நீளம்: எக்செல் 15 இலக்கம் வரைதான் எண்ணாக நினைவில் வைக்கும், 16ஆவதிலிருந்து பூஜ்ஜியமாக்கிவிடும். நீளமான அடையாள எண்களை எழுத்தாக மட்டுமே வையுங்கள்.

பெயரை வைத்து இணைத்திருந்தால், அதுவும் தமிழ்ப் பெயராக இருந்தால், தனிக் கூத்து. திரையில் "கோமதி" இரண்டு இடத்திலும் ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு. ஓகாரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் வைக்கலாம். எந்த விசைப்பலகையில் அடித்தார்கள் என்பதைப் பொறுத்தது. ஒருங்குறி இயல்பாக்கம் என்ற ஒரு படியை இரண்டு கோப்புகளுக்கும் ஓட்டினால் இது சரியாகும். "ஸ்ரீ"க்கும் இரண்டு வடிவங்கள் உண்டு, ஸகரத்தில் தொடங்குவது ஒன்று, ஶகரத்தில் தொடங்குவது ஒன்று. அதை இயல்பாக்கமும் சரிசெய்யாது. நீங்களே தேடி மாற்ற வேண்டும். கௌசல்யாவின் ஔகாரக் குறிக்குப் பதிலாக ளகரத்தை அடித்திருப்பதும் சாதாரணமாக நடக்கும். சுருக்கமாகச் சொன்னால், பெயரை வைத்து இணைக்காதீர்கள்.

தமிழே தெரியாமல் கிறுக்கல் கிறுக்கலாகத் திறந்தால் தரவு கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். சிஎஸ்வி கோப்பை நேரடியாகச் சொடுக்கித் திறந்ததால் வந்தது அது. சேமிக்காமல் மூடுங்கள். தரவு இறக்குமதி வழியாக, யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துத் திறங்கள்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் மதிப்பெண் மாறியிருந்தால்: இதுதான் ஆபத்தானது. அட்டவணையில் ஒரு எண்ணுக்கு நேரே உள்ளதைத் தேடி எடுக்கும் விலுக்கப் சூத்திரத்தில் கடைசிப் பகுதியை விட்டுவிட்டால் அது தோராயப் பொருத்தம் தேடும். அப்போது ஒருவருடைய மதிப்பெண் இன்னொருவர் பெயருக்கு நேரே வந்து உட்காரும், யாருக்கும் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து மூலத்தோடு ஒப்பிடுங்கள்.

உண்மையாகவே ஆட்கள் குறைந்திருந்தால்: முன்தேர்வு எழுதியவர் 120, பின்தேர்வு எழுதியவர் 96. போன 24 பேரின் முன்தேர்வு மதிப்பெண்ணை மட்டும் தனியாக எடுத்து, இருப்பவர்களின் முன்தேர்வு மதிப்பெண்ணோடு ஒப்பிடுங்கள். ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் அதை அறிக்கையில் சொல்லிவிட்டு மேலே போகலாம். போனவர்கள் கணிசமாகக் குறைவான மதிப்பெண்காரர்கள் என்றால், சராசரி உயர்ந்ததில் ஒரு பங்கு அவர்கள் இல்லாததால் வந்தது. விடுபட்ட இடங்களில் சராசரியைப் போட்டு நிரப்பிவிட்டு நகராதீர்கள். புள்ளியியலாளரைக் கூப்பிட வேண்டிய இடம் இது.

## க்ரோன்பாக் ஆல்ஃபா குறைகிறது, எதிர்மறையாகவே வருகிறது

ஓர் அளவுகோலின் கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் எண் இந்த ஆல்ஃபா. எதிர்மறையாக வந்தால் தொண்ணூறு சதவீதம் என்று அடித்துச் சொல்வேன் (எண்ணிப் பார்த்துச் சொல்லவில்லை, அலுப்பில் சொல்கிறேன்): எதிர்மறைக் கூற்றுகளைத் திருப்ப மறந்திருக்கிறீர்கள். "கணக்கு வகுப்பு எனக்குப் பிடிக்கும்", "கணக்கு என்றாலே பயமாக இருக்கிறது" இரண்டுக்கும் 5 போட்டால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஐந்து புள்ளி அளவுகோலில் 6இலிருந்து கழித்துத் திருப்புங்கள். திருப்பியதைப் புதிய நெடுவரிசையில் எழுதுங்கள், பழையதன் மேலேயே எழுதாதீர்கள். மேலேயே எழுதினால் நிரலை இரண்டாம் முறை ஓட்டும்போது மறுபடி திரும்பிப் பழையபடி ஆகிவிடும். திருப்பியாயிற்று, இன்னும் வரவில்லை என்று சொல்கிறவர்களில் பாதிப்பேர் இருமுறை திருப்பியவர்கள்.

திருப்பிய பிறகும் 0.5, 0.6 என்று நின்றால் அடுத்த படி, ஒவ்வொரு கூற்றையும் நீக்கினால் ஆல்ஃபா என்னவாகும் என்ற அட்டவணை. ஒரே ஒரு கூற்று எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டிருந்தால் அதன் வாசகத்தைப் படியுங்கள். இரண்டு கேள்வியை ஒன்றாகக் கேட்டிருப்பார்கள், அல்லது மொழிபெயர்ப்பில் பொருள் தலைகீழாகியிருக்கும்.

எல்லாக் கூற்றுகளும் ஒரே மாதிரி மந்தமாக இருந்தால் கூற்றுகளின் எண்ணிக்கை போதாமல் இருக்கலாம். 10 கூற்றுகளுக்கு 0.60 என்றால், அதே தரத்தில் இன்னும் 10 சேர்த்தால் 0.75 வரை போக வேண்டும். கூற்றுகள் இரண்டு கொத்தாகப் பிரிந்து நின்றால் உங்கள் அளவுகோல் இரண்டு வேறு விஷயங்களை அளக்கிறது. எந்தக் கூற்றுகள் ஒரு கொத்து என்று பிரித்துக் காட்டும் காரணிப் பகுப்பாய்வு தெரிந்தவரிடம் அப்போது போங்கள்.

0.95க்கு மேல் வந்தால் கொண்டாட வேண்டாம். ஒரே கேள்வியைப் பன்னிரண்டு விதமாகக் கேட்டிருக்கிறீர்கள்.

## நன்றாகப் படிக்கிறவர்கள்தான் இந்த வினாவில் தவறுகிறார்கள்

வினாப் பகுப்பாய்வில் ஒரு வினாவின் வேறுபடுத்தும் திறன் எதிர்மறையாக வருவது இது. மாணவரைக் குற்றம் சொல்லுமுன் விடைக்குறிப்பைப் பாருங்கள். மொத்த மதிப்பெண்ணில் மேலே உள்ள 27 சதவீதம் பேரை மட்டும் எடுத்து, அவர்கள் எந்த விடையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று எண்ணுங்கள்.

எல்லோரும் ஒரே "தவறான" விடையில் குவிந்திருந்தால் விடைக்குறிப்புதான் தவறு, திருத்தி மறுபடி ஓட்டுங்கள். இரண்டு விடைகளில் சரிபாதியாகப் பிரிந்திருந்தால் வினாவில் இரண்டு பொருள் இருக்கிறது, அந்த வினாவை எடுத்துவிடுங்கள். நான்கிலும் சிதறியிருந்தால் யாருக்கும் தெரியாத வினா. கற்பிக்காத பகுதியிலிருந்து வந்திருக்கும்.

ஒரு வினா அல்ல, பல வினாக்கள் இப்படி வருகின்றனவா? கூடவே ஒரு கூட்டம் மாணவர்கள் மட்டும் கால் பங்கு மதிப்பெண்ணைச் சுற்றியே நிற்கிறார்களா? நான்கு விடைகளில் கண்ணை மூடிக் குறித்தால் வரும் மதிப்பெண் அது. அ வரிசை வினாத்தாளின் விடைக்குறிப்பை ஆ வரிசைக்கும் போட்டுத் திருத்தியிருக்கிறார்கள்.

## எதைச் சோதித்தாலும் பி மதிப்பு .000

உண்மையில் வித்தியாசமே இல்லாதபோது இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்புதான் பி மதிப்பு. எஸ்பிஎஸ்எஸ்ஸின் பழைய பதிப்புகள் காட்டும் .000 பூஜ்ஜியம் இல்லை, 0.001க்கும் குறைவு என்று எழுதுங்கள். இது எளிய பகுதி.

எத்தனை சோதனை செய்தீர்கள்? வித்தியாசமே இல்லாத தரவில் 0.05 அளவில், ஒன்றையொன்று சாராத 20 சோதனைகள் செய்தால் ஒன்றாவது "வித்தியாசம் உண்டு" என்று வர 64 சதவீத வாய்ப்பு. பாலினம், ஊர், பள்ளி வகை, தாயின் படிப்பு என்று அடுக்கிக்கொண்டே போன ஆய்வேடுகளில் இதுதான் நடக்கிறது. செய்த சோதனைகள் அனைத்தையும் எண்ணி எழுதுங்கள், ஜெயித்தவற்றை மட்டுமல்ல.

மாணவர்கள் வகுப்பு வகுப்பாக வந்தவர்களா? இங்கேதான் நான் அதிக நேரம் செலவழிக்கிறேன். ஒரே ஆசிரியரிடம், ஒரே அறையில் படித்த 40 பேர் 40 தனித்தனிச் சாட்சிகள் அல்ல. ஒருவரைப் பார்த்தால் அடுத்தவரைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். சாதாரண டி சோதனைக்கு இது தெரியாது, எல்லோரையும் தனியாள் என்றே எண்ணும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10 வகுப்புகள், வகுப்புக்கு 40 பேர், மொத்தம் 400. வகுப்புக்குள் ஒற்றுமை 0.2 என்று வைத்துக்கொண்டால் (பள்ளி மதிப்பெண்களில் இது அசாதாரணமானதல்ல) வடிவமைப்பு விளைவு (தகவல் எத்தனை மடங்கு சுருங்குகிறது என்ற எண்) 1 கூட்டல் 39 பெருக்கல் 0.2, அதாவது 8.8. 400ஐ 8.8ஆல் வகுத்தால் 45. நீங்கள் 400 பேரைச் சோதித்ததாக நினைக்கிறீர்கள். கையில் இருப்பது 45 பேருக்குச் சமமான தகவல்.

நீங்களே செய்யக்கூடிய முரட்டுச் சோதனை ஒன்று உண்டு. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரே ஒரு சராசரியை எடுத்து, அந்த 10 எண்களை மட்டும் வைத்து டி சோதனை செய்யுங்கள். முடிவு அப்போதும் நின்றால் நிம்மதி. விழுந்துவிட்டால், மாணவரையும் வகுப்பையும் தனித்தனி நிலையாகக் கணக்கிடும் பல்நிலை மாதிரி தெரிந்தவரைத் தேடுங்கள்.

இரண்டே வகுப்பா? ஒரு வகுப்புக்குப் புதிய முறை, இன்னொன்றுக்குப் பழைய முறை, இரண்டுக்கும் வேறு வேறு ஆசிரியர். இதில் முறை ஜெயித்ததா ஆசிரியர் ஜெயித்தாரா என்று பிரிக்கவே முடியாது. புள்ளியியலாளரிடம் கொண்டுபோனாலும் இதைத்தான் சொல்வார். மறுபடி நடத்த முடியாதென்றால் அந்த வரம்பை முடிவுரையின் மூலையில் ஒளிக்காமல் முடிவுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

## எதிலுமே வித்தியாசம் வரவில்லை

ஒரே மாணவர்களின் முன்தேர்வையும் பின்தேர்வையும் தனித்தனிக் குழுவாக எண்ணிச் சோதித்தீர்களா? எக்செல்லின் டி டெஸ்ட் சூத்திரத்தில் கடைசி எண் 1 என்றால் இணைச் சோதனை, 2, 3 என்றால் தனிக்குழுச் சோதனை. ஒரு எண்ணை மாற்றியதும் முடிவு மாறிப்போனதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மாற்றுவதற்கு முன் இரண்டு நெடுவரிசைகளிலும் ஒரே ஆள் ஒரே வரிசையில் இருக்கிறாரா என்று பாருங்கள்.

அடுத்து மதிப்பெண்களின் பரவலை வரைந்து பாருங்கள். முன்தேர்விலேயே பாதிப்பேர் 25க்கு 23, 24 வாங்கியிருந்தால் ஏற இடமில்லை. எளிதான வினாத்தாள், அவ்வளவுதான்.

அதுவும் இல்லையென்றால் ஆள் போதவில்லை. திட்ட விலக்கத்தில் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) பாதி அளவுள்ள வித்தியாசத்தை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்கக் குழுவுக்கு 64 பேர் வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு அளவுள்ள சிறிய வித்தியாசத்துக்குக் குழுவுக்கு ஏறக்குறைய 400 பேர். மேலே சொன்ன வகுப்புத் தொல்லையைச் சேர்த்தால் இன்னும் அதிகம். "வித்தியாசம் இல்லை" என்று எழுதாதீர்கள். "இந்த எண்ணிக்கையில் பிடிபடவில்லை" என்று எழுதி நம்பிக்கை இடைவெளியை (உண்மையான வித்தியாசம் எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்ற எல்லை) கொடுங்கள்.

## பின்தங்கியவர்கள் மட்டும் அபாரமாக முன்னேறிவிட்டார்கள்

முன்தேர்வில் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களைப் பொறுக்கி எடுத்து, சிறப்பு வகுப்பு நடத்தி, மறுபடி தேர்வு வைத்தால் அவர்கள் ஏறித்தான் வருவார்கள். வகுப்பே நடத்தாவிட்டாலும் ஏறுவார்கள். இரண்டு தேர்வுக்கும் சராசரி 50, பரவலும் ஒன்றே, ஒட்டுறவு (இரண்டு மதிப்பெண்களும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்ற அளவு) 0.6 என்றால், 30 வாங்கியவர்கள் அடுத்த முறை சராசரியாக 38 வாங்குவார்கள். எட்டு மதிப்பெண் இலவசம்.

சரிபார்ப்பது எளிது: மேலே இருந்தவர்களைப் பாருங்கள். 80 வாங்கியவர்கள் 68 பக்கம் இறங்கியிருந்தால் சராசரியை நோக்கிய பின்னடைவுதான் விளையாடியிருக்கிறது. அதே அளவு பின்தங்கிய, ஆனால் சிறப்பு வகுப்புக்கு வராத குழு ஒன்று இருந்தால் அவர்களோடு ஒப்பிடுங்கள். இல்லையென்றால் ஆய்வேட்டில் "முன்னேற்றம்" என்ற சொல்லை எழுதுவதற்கு முன்பே புள்ளியியலாளரைக் கூப்பிடுங்கள்.

## மொத்தமாகப் பார்த்தால் ஒன்று, பிரித்துப் பார்த்தால் வேறு

கூட்டல் தவறாக இருக்க வேண்டியதில்லை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1973இல் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் 44 சதவீதத்தினருக்கும் பெண்களில் 35 சதவீதத்தினருக்கும் இடம் கிடைத்தது. துறை துறையாகப் பிரித்ததும் பெண்களுக்கு எதிரான அந்த ஓரவஞ்சனை காணாமல் போனது. இடம் கிடைப்பது கடினமான துறைகளுக்குப் பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள். உங்கள் தரவிலும் எந்தக் குழு எந்தப் பிரிவில் குவிந்திருக்கிறது என்று ஒரு குறுக்கு அட்டவணை போடுங்கள். எந்தப் பார்வை சரி என்பது நீங்கள் கேட்கும் கேள்வியைப் பொறுத்தது. அதை மென்பொருள் முடிவு செய்யாது.

## இரண்டு மென்பொருள், இரண்டு விடை

இரண்டும் சரியாகவே இருக்கலாம். திட்ட விலக்கம் கொஞ்சம் மாறினால் ஒன்று எண்ணிக்கையால் வகுக்கிறது, மற்றது ஒன்று குறைத்து வகுக்கிறது. கால்மானம் (தரவை வரிசைப்படுத்தி நான்காகப் பிரிக்கும் எல்லை) மாறினால் கணிக்கும் முறை வேறு: ஆர் இயல்பாக எடுப்பதும் எஸ்பிஎஸ்எஸ் எடுப்பதும் ஒன்றல்ல. டி சோதனை மாறினால், ஆர் கேட்காமலேயே, இரு குழுக்களின் பரவலும் சமம் என்று எடுத்துக்கொள்ளாத வெல்ச் முறையைப் பயன்படுத்தும். எஸ்பிஎஸ்எஸ் சாதாரண முறை, வெல்ச் முறை இரண்டையும் இரு வரிசைகளில் காட்டும், நீங்கள் மேல் வரிசையைப் படித்திருப்பீர்கள். இரண்டுக்கு இரண்டு அட்டவணையின் கை வர்க்கச் (கை-ஸ்கொயர்) சோதனையில் ஆர் யேட்ஸ் திருத்தத்தைச் சேர்த்துவிடும். குழுக்கள் சமமில்லாத இருவழி மாறுபாட்டுப் பகுப்பாய்வில் (பல குழுக்களின் சராசரியை ஒப்பிடும் அனோவா) ஆர் முதல் வகை வர்க்கக் கூட்டலையும் எஸ்பிஎஸ்எஸ் மூன்றாம் வகையையும் எடுக்கும். இந்தக் கடைசி ஒன்றில் மட்டும் எது வேண்டும் என்று தெரிந்தவரிடம் கேளுங்கள், வித்தியாசம் பெரிதாக இருக்கும்.

ஒரே மென்பொருளில் நேற்று வந்தது இன்று வரவில்லையென்றால் சமவாய்ப்பு விதை எண்ணை (ஒவ்வொரு முறையும் ஒரே சமவாய்ப்பு எண்களை வரவைப்பது) வைத்தீர்களா என்று பாருங்கள். வைத்தும் மாறினால் பதிப்பைப் பாருங்கள்: 2019இல் வந்த 3.6.0 பதிப்பில் ஆர் மாதிரியெடுக்கும் முறையையே மாற்றியது.

## பிசா தரவில் ஒரு மாணவருக்குப் பத்து மதிப்பெண் இருக்கிறது

கோப்பு கெடவில்லை. பல நாடுகளின் 15 வயது மாணவர்களைச் சோதிக்கும் பிசா, 2015 முதல் ஒவ்வொரு பாடத்துக்கும் பத்து சாத்திய மதிப்புகளை (அந்த மாணவரின் திறன் இருக்கக்கூடிய மதிப்பீடுகள்) தருகிறது, அதற்கு முன் ஐந்து. பத்தையும் சராசரி எடுத்து ஒரே மதிப்பெண்ணாக்கும் வேலையைச் செய்யவே கூடாது. ஒவ்வொன்றிலும் தனியாகக் கணக்கிட்டுக் கடைசியில் முடிவுகளைச் சேர்க்க வேண்டும். மாணவர் எடையையும் (அவர் எத்தனை மாணவர்களுக்குப் பிரதிநிதி என்ற எண்), திட்டப் பிழையைக் கணிக்கத் தரும் 80 மறுபிரதி எடைகளையும் விட்டுவிட்டால் திட்டப் பிழை தவறாகவே வரும். சர்வதேசக் கல்வி மதிப்பீட்டு அமைப்பான ஐஇஏ இலவசமாகத் தரும் ஐடிபி அனலைசர் என்ற மென்பொருள் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும். கையால் செய்ய முயல வேண்டாம்.

## ஆளைக் கூப்பிடும்போது கையில் இருக்க வேண்டியவை

தொடாத மூலக் கோப்பு. ஒவ்வொரு நெடுவரிசையும் என்ன, குறியீடுகள் எதைக் குறிக்கின்றன என்று ஒரு பக்கம். யார் எந்த வகுப்பு, எந்த ஆசிரியர் என்ற விவரம். இதைத்தான் எல்லோரும் "தேவைப்படாது" என்று முதலில் அழித்துவிட்டு வருகிறார்கள். மாணவர் பெயர்களை எண்ணாக மாற்றிவிட்டு அனுப்புங்கள். என்ன கேள்விக்கு விடை தேடுகிறீர்கள் என்பதைச் சோதனையின் பெயர் சொல்லாமல் இரண்டு வரியில் எழுதுங்கள். "அனோவா போட்டுத் தாருங்கள்" என்று வந்த கோப்பைத் திருப்பி அனுப்பி, அந்த இரண்டு வரியைத்தான் நான் முதலில் கேட்பேன்.